இங்கிலாந்து ஊர்களின் பழைய வரைபடம் பார்க்க

இங்கிலாந்தில் இருக்கும் தெருவின் பழைய முகம் பார்க்கக் காசு கொடுத்து வரைபடம் வாங்க வேண்டாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பு) வரைபடங்கள் இலவசம். (இங்கிலாந்து ஊரை ஸ்காட்லாந்தில் தேடுவதா என்று யோசிக்காதீர்கள், அங்கேதான் சுலபம்.)

ஆறு அங்குல வரைபடத்தை விட்டுவிட்டு 25 அங்குலத்தை எடுங்கள். ஒரு மைலுக்கு 25 அங்குலம் என்பதால் தனித்தனி வீடு, கொல்லைப்புறக் கிணறு வரை தெரியும். 'பி.எச்.' (P.H.) என்றிருந்தால் மதுக்கடை, 'எஃப்.பி.' (F.P.) ஒற்றையடிப் பாதை, 'எல்.பி.' (L.B.) தபால் பெட்டி. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு. இடப்பக்கம் பழைய வரைபடம், வலப்பக்கம் இன்றைய செயற்கைக்கோள் படம்.

கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். 1974-இல் எல்லைகளை மாற்றினார்கள். ஆபிங்டன் என்ற ஊர் இன்று ஆக்ஸ்ஃபோர்டுஷயர், பழைய வரைபடத்தில் பெர்க்‌ஷயர்.

அந்த ஊர்ப் பெரியவர்களிடம் நினைவுகள் கேட்பதாக இருந்தால் 25 அங்குலத் தாளை அச்செடுத்து மேசையில் விரித்துவிடுங்கள். "பழைய காலம் எப்படி இருந்தது?" என்றால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். வரைபடத்தில் விரல் வைத்துவிட்டால், ரொட்டிக்கடை எந்த மூலை, பள்ளிக்கூடத்துக்கு எந்தக் குறுக்கு வழி என்று தானாக வந்துவிடும். ஒரு பென்சிலும் கொடுங்கள்.