வன்னிக் காணியை விளம்பரத் தளங்களில் பதிவது எப்படி

காணி விற்பனைத் தளங்களின் படிவங்கள் நகரத்துச் சிறு துண்டுகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அளவைப் பேர்ச் என்ற சிறு நில அலகிலும் விலையைப் பேர்ச் ஒன்றுக்கும் கேட்கும் படிவத்தில் இலங்கையின் வன்னியிலுள்ள ஒட்டுசுட்டான் மேட்டுக்காணியைப் பதிய முனையும் தரகர் முதற்கட்டத்திலேயே தடுமாறுகிறார். நான் ஒருமுறை அளவுக்கு 2 என்று இட்டு, ஏக்கர் என்பதை விளக்கத்தில் மட்டும் எழுதினேன். அது இரண்டு பேர்ச் காணியாக வெளிவந்து, பிழையான தகவல் என மறுநாளே நீக்கப்பட்டது. கட்டிய பணமும் திரும்பவில்லை.

ஆகவே, முதலில் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் 160 பேர்ச். ஒரு பரப்பு 10 பேர்ச். உரிமையாளர் ஏக்கர் 25 இலட்சம் என்றால் பேர்ச் 15,625 ரூபா ஆகும். படிவத்தில் பேர்ச்சை இட்டு, விளக்கத்தின் முதல் வரியில் ஏக்கரையும் பரப்பையும் எழுதுங்கள். விலையை மறைப்பதற்காக 1 ரூபா என்று இடுவது நம்மவரிடம் பரவலான வழக்கம். அதைத் தளம் மறுத்தால் குறைகூற நியாயமில்லை.

விளம்பரம் முடங்குவதற்கும் பின்னர் முறைப்பாடு வருவதற்கும் பெரிய காரணம் உரித்துப் பத்திரமே. பல படிவங்களில் "தெளிவான உறுதி" என்ற ஒரே தெரிவுதான் உண்டு. வன்னியிலோ தனியாருக்கு முழு உரித்துள்ள உறுதிக்காணிக்குப் பக்கத்திலேயே, அரசின் அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ள பேமிட் காணியும், அரசு நிபந்தனையுடன் உரித்தளித்த அளிப்புக் காணியும் கிடக்கின்றன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அளிப்புப் பெற்ற காணியைப் பிரதேச செயலாளரின் முன் எழுத்துச் சம்மதம் இன்றிக் கைமாற்றினால் அது செல்லுபடியாகாது. அந்தச் சம்மதம் கையில் வருமுன் விளம்பரம் செய்யாதீர்கள். வந்தபின் அளிப்புக் காணி என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். பேமிட் மட்டுமே உள்ள காணியைப் பொறுப்பேற்கவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து சேமிப்பை அனுப்பி வாங்குபவர் "தெளிவான உறுதி" என்ற தெரிவை நம்பித்தான் முற்பணம் கொடுக்கிறார்.

பலருக்கு உரித்தான பங்குக்காணியாயின், வட மாகாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையின்படி மற்றப் பங்காளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டுச் சட்டமும் அதை வலியுறுத்துகிறது. அவர்களுக்கு நொத்தாரிசு மூலம் அறிவித்தாகிவிட்டதா என்று கேட்டபின் பதியுங்கள். குளத்தின் கீழுள்ள வயற்காணியை "வீடு கட்ட உகந்தது" என்ற பிரிவில் இடக்கூடாது, ஏனெனில் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயலை நிரப்புவதற்கு அனுமதி வேண்டும்.

ஒரே காணியை இரு முறை பதியக்கூடாது என்ற விதியே நம்மை அதிகம் நோகடிக்கிறது. உரிமையாளர் மூன்று தரகரிடம் சொல்லியிருப்பார். முந்திப் பதிந்தவருடையது நிற்கும், வெயிலில் நடந்து எல்லைக்கல் பார்த்தவருடையது போகும். இது அநீதி என்றே கருதுகிறேன். இதற்குக் காப்பு, பொறுப்பேற்கும் நாளிலேயே உரிமையாளரிடம் திகதியிட்ட கையொப்பக் கடிதம் வாங்குவதும், படங்களை நீங்களே எடுப்பதும்தான். படத்தின்மேல் தொலைபேசி இலக்கம் எழுதவேண்டாம். அதற்காகவே பல விளம்பரங்கள் திருப்பி அனுப்பப்படுகின்றன.

விளம்பரம் நீக்கப்பட்டால் மீண்டும் மீண்டும் பதியாமல், விளம்பர இலக்கத்தைக் குறிப்பிட்டு, அந்தக் கடிதத்தையும் நில அளவைப் படத்தின் பிரதியையும் இணைத்து ஒரேயொரு மேன்முறையீடு அனுப்புங்கள். அடையாள அட்டை இலக்கங்களை மறைத்துவிடுங்கள்.