பாட்டில் மூடியில் ஒரு பீரங்கிக் கோபுரம்: 'மானிட்டர்' கப்பல் மாதிரி செய்வது எப்படி?

தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றை எடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். குறுக்கே ஏறக்குறைய 3 செ.மீ., உயரம் ஒன்றரை செ.மீ. இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட 'மானிட்டர்' கப்பலின் சுழல் கோபுரத்தை 200 மடங்கு சுருக்கினால் கிட்டத்தட்ட இதே அளவுதான் வரும். இது தெரிந்த அன்றைக்கே பிளேடும் தெர்மாகோலுமாக உட்கார்ந்துவிட்டேன். ஒரு சாயங்காலம் போதும்.

முதலில் கதை, சுருக்கமாக. வட மாநிலக் கடற்படை எரித்துவிட்டுப் போன 'மெரிமாக்' கப்பலைத் தென் மாநிலத்தவர்கள் தூக்கி, அதன் மேல் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி சரிவாக ஒரு மரக்கூண்டு கட்டி, 4 அங்குலத்துக்கு இரும்புத் தகடு போர்த்தி, 'வர்ஜீனியா' என்று பெயர் வைத்தார்கள். 1862 மார்ச் 8 அன்று ஹாம்ப்டன் ரோட்ஸ் கழிமுகத்தில் அது 'கம்பர்லாண்ட்' கப்பலை முட்டி மூழ்கடித்தது, 'காங்கிரஸ்' கப்பலை எரித்தது. மறுநாள் காலை மிச்சத்தை முடிக்க வந்தால், எதிரே தட்டையாக ஒரு விநோதம் மிதந்துகொண்டிருந்தது. வட மாநிலக் கடற்படைக்காகப் பொறியாளர் ஜான் எரிக்சன் வடிவமைத்து நூறு நாளுக்குள் கட்டி இறக்கிய மானிட்டர். நாலு மணி நேரம் போல அடித்துக்கொண்டார்கள். இரண்டில் எதுவும் மூழ்கவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். தேவையானவை: அரை அங்குல தெர்மாகோல், பிளேடு, ஃபெவிகால், பல்குத்தும் குச்சி நாலைந்து, கருப்பு இன்சுலேஷன் டேப், குண்டூசி, பாட்டில் மூடி, ரப்பர் துண்டு, ஹார்டுவேர் கடையில் இரும்பு நட்டுகள் கொஞ்சம்.

1. வெட்டுதல்

மேல்தளத்துக்கு 27 செ.மீ. நீளம், 6.3 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு. இரண்டு முனையையும் கூராக்கிவிடுங்கள். அடிப்பகுதிக்கு 19 செ.மீ.க்கு 5 செ.மீ. துண்டு. மேலே பெரிது, கீழே சின்னது. அளவு தப்பு என்று நினைக்க வேண்டாம், அசலும் அப்படித்தான். இரும்பு போர்த்திய மேல்தளம் தாழ்வாரம் போல நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருந்ததால், குண்டோ முட்டலோ கீழே இருக்கும் மெல்லிய உடம்பை நேராகத் தொட முடியாது.

2. ஒட்டுதல்

ஃபெவிகால் தடவி, குச்சிகளைக் குத்தி இறுக்குங்கள். செருப்பு ஒட்டும் பசை, ஸ்ப்ரே பெயின்ட் இரண்டும் கூடாது. தெர்மாகோலை அரித்துப் பள்ளமாக்கிவிடும். காய்ந்ததும் முழுக்கக் கருப்பு டேப் சுற்றுங்கள். ஃபெவிகால் நனைந்தாலும் டேப் பிடித்துக்கொள்ளும், கப்பலுக்கு இரும்பு நிறமும் வந்துவிடும்.

3. எடை ஏற்றுதல்

பொறுமை வேண்டிய இடம் இதுதான். வெறும் தெர்மாகோல் தக்கை மாதிரி நிற்கும். மானிட்டரோ தண்ணீருக்கு மேல் ஒன்றரை அடிதான் தெரிந்தது. நம் அளவில் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். அகலமான டப்பில் தண்ணீர் பிடித்து, நட்டுகளை அடியில் டேப்பால் ஒட்டிக்கொண்டே வாருங்கள். 250 முதல் 300 கிராம் வரை பிடிக்கும். நான் அவசரத்தில் நட்டுகளை மேல்தளத்தில் அடுக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் சாய்ந்து குப்புறக் கவிழ்ந்தது. எடை அடியில்தான் இருக்க வேண்டும். கடைசி இரண்டு மூன்று நட்டுகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். மூன்று மில்லிமீட்டர் தெரியும்போது நிறுத்திவிடுவது நல்லது.

4. கோபுரம்

காம்பஸ் முனையைச் சூடாக்கி மூடியின் பக்கவாட்டில் அருகருகே இரண்டு ஓட்டை போடுங்கள். அசலில் உள்ளே இருந்தவை 11 அங்குல வாய் அகலமுள்ள 'டால்கிரென்' ரகப் பீரங்கிகள். சுவர், ஓர் அங்குலத் தடிமனுள்ள தகடுகள் எட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இறுக்கியது. மூடியைக் கவிழ்த்து மேல்தளத்தின் நடுவில் வைத்து, மேலிருந்து குண்டூசியைக் குத்துங்கள். முழுக்க அழுத்தினால் சுற்றாது, இம்மியளவு தளர்த்த வேண்டும். அசல் கோபுரமும் பித்தளை வளையத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. ஆப்பு வைத்துக் கொஞ்சம் தூக்கிய பிறகே நீராவி எஞ்சின் அதைச் சுழற்றும்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு மூடியைச் சுற்றி நிறுத்துங்கள். ஓட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது? தெரியாது, இல்லையா? உள்ளே இருந்தவர்களுக்கும் அதே கஷ்டம். முன், பின், இடம், வலம் தெரிய கீழ்த்தளத்தில் வெள்ளை அடையாளம் போட்டிருந்தார்கள். சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அது அழிந்துபோனது. சுழலத் தொடங்கிய கோபுரத்தை நினைத்த இடத்தில் நிறுத்துவதும் லேசில்லை. அதனால் சுழல விட்டு, எதிரி கண்ணில் படும்போது சுட்டார்கள்.

5. சுக்கான் அறை

ரப்பரில் 6 மி.மீ. உயரத்துக்கு ஒரு கட்டி வெட்டி முன்முனைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கப்பலின் தலைவர் ஜான் வொர்டன் நின்று கப்பலைச் செலுத்திய அறை இது. பார்வைக் கீறல் அருகே குண்டு வெடித்து அவர் பார்வையைக் கெடுத்தது. பீரங்கி ஓட்டையை நேர் முன்னே திருப்பிப் பாருங்கள், ரப்பர் கட்டி மறைக்கும். நம் அளவுப் பிசகில்லை. மானிட்டரால் உண்மையிலேயே நேர் முன்னே சுட முடியவில்லை. அவ்வளவு யோசித்த எரிக்சன் இதை எப்படி விட்டார் என்று இன்னமும் எனக்குப் புரியவில்லை.

இனி டப்பில் விட்டுக் கையால் தண்ணீரை லேசாகத் தள்ளுங்கள். சின்ன அலைக்கே மேல்தளம் முழுக்க நனையும், மூடிக்கு அடியிலும் புகும். கழிமுகத்துக்கு இந்தக் கப்பல் சரி, ஆழ்கடலுக்கு ஆகாது. முதல் பயணத்திலேயே தண்ணீர் புகாமலிருக்கக் கோபுரத்துக்கு அடியில் அடைத்த நாரை அலை அடித்துக்கொண்டு போய்த் தண்ணீர் உள்ளே கொட்டியது. 1862 டிசம்பர் 31 அதிகாலை, அமெரிக்கக் கிழக்குக் கரையின் ஹட்டராஸ் முனைக்கு அப்பால் புயலில் மூழ்கியபோது 16 பேர் இறந்தார்கள்.

கப்பல் தலைகீழாகக் கவிழ்ந்து, கோபுரம் கழன்று அதன் அடியில் சிக்கிக் கிடந்தது. உங்கள் மூடியும் கழன்று விழுந்தால் கையை விட்டு எடுத்துத் திரும்பக் குத்திக்கொள்ளுங்கள். அசலை மேலே கொண்டுவர 2002 வரை ஆனது.