கேம்பிரிட்ஜுக்கு ஆய்வு செய்யப் போகிறவர்கள் கல்லூரி விஷயத்தில் செய்யும் தவறுகள்

நம்மூரில் பிஎச்டி என்றால் நல்ல கைடு கிடைத்துவிட்டால் போதும், மிச்சமெல்லாம் தானாக நடக்கும் என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. அதே நினைப்போடு கேம்பிரிட்ஜில் போய் இறங்குகிறவர்கள் முதல் மாதமே குழம்பிப்போவது கல்லூரி என்ற விஷயத்தில்தான். இங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரி என்றால் துறை, ஆய்வுக்கூடம், பேராசிரியர், வகுப்பு எல்லாம் அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கும். பல்கலைக்கழகம் என்பது தூரத்தில் உட்கார்ந்து தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கிற இடம். கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள் இருக்கின்றன, எல்லா மாணவர்களும் ஏதாவது ஒன்றில் உறுப்பினராக இருந்தே ஆகவேண்டும், ஆனால் உங்கள் ஆய்வு நடப்பது பல்கலைக்கழகத் துறையில். நெறியாளர், ஆய்வகம், முதலாண்டு மதிப்பீடு, கடைசியில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு, எல்லாம் துறையின் கையில். கல்லூரி தருவது அறை, சாப்பாடு, கஷ்டநஷ்டம் கேட்க ஒரு டியூட்டர், நூலகம், கொஞ்சம் பணம், அப்புறம் உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத நூறு மனிதர்கள்.

இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது, அல்லது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றை மறந்துவிடுவது, நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

முதல் தவறு ஊரில் இருக்கும்போதே, விண்ணப்பத்தில் கல்லூரி விருப்பத்தைக் குறிக்கும் இடத்தில் நடந்துவிடுகிறது. கணித மேதை ராமானுஜன் இருந்த இடம், வானியல் அறிஞர் சந்திரசேகர் இருந்த இடம் என்று ட்ரினிட்டி கல்லூரியைப் போடுகிறோம். போடுங்கள், தப்பில்லை. ஆனால் ஆய்வு மாணவருக்குக் கல்லூரியின் பெயரால் வைவாவில் ஒரு மதிப்பெண்ணும் கூடப்போவதில்லை. பார்க்கவேண்டியது வேறு: எத்தனை வருஷத்துக்கு அறை உறுதி, வாடகை என்ன, சமையலறை எப்படி, குடும்பத்தோடு வந்தால் வீடு உண்டா, ஆய்வகத்துக்கு எவ்வளவு தூரம். இந்தத் தூரத்தை யாரும் யோசிப்பதே இல்லை. கர்ட்டன் கல்லூரி ஊருக்கு வடமேற்கே ஒதுங்கி இருக்கிறது. ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையை ஒட்டிய உயிர்மருத்துவ வளாகமோ நகரத்தின் தெற்குக் கோடியில். அந்த ஆய்வகத்துக்கு வருகிறவர் கர்ட்டனில் அறை எடுத்தால் ஜனவரி மழையில் ஊரைக் குறுக்கே கடந்து சைக்கிள் மிதிக்கவேண்டும், ராத்திரி செல் கல்ச்சரைப் பார்க்க மறுபடி போகவேண்டும் என்றால் கேட்கவே வேண்டாம். ஹோமர்ட்டன் கல்லூரி அந்த ஆய்வகத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. இயற்பியல்காரருக்கு ஆய்வகம் மேற்கு கேம்பிரிட்ஜில் என்றால் சர்ச்சில் கல்லூரி பக்கம். கூகுள் மேப்ஸில் பத்து நிமிஷ வேலை இது.

பட்ட மேற்படிப்புக்காரர்களையே மனதில் வைத்துத் தொடங்கிய கல்லூரிகளும் உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரிவதில்லை. 1964-இல் வந்த டார்வின்தான் அந்த ஊரில் முழுக்க முழுக்க மேற்படிப்பு மாணவர்களுக்கான முதல் கல்லூரி. அடுத்த வருஷமே ‘யூனிவர்சிட்டி காலேஜ்’ என்ற பெயரில் இன்னொன்று தொடங்கியது; வுல்ஃப்சன் அறக்கட்டளையின் பணம் வந்த பிறகு, 1973 முதல் அது வுல்ஃப்சன் கல்லூரி. பழைய கல்லூரிகளில் சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு கோடியில் ஃபெல்லோக்களுக்கென்று, அதாவது கல்லூரியின் மூத்த கல்வி உறுப்பினர்களுக்கென்று, ‘ஹை டேபிள்’ தனியாக இருக்கும். வுல்ஃப்சனில் அது இல்லை, ஓய்வறையிலும் அப்படிப் பிரிவினை கிடையாது. யாருக்குப் பக்கத்திலும் யாரும் உட்காரலாம். முப்பது வயதில், வேலையை விட்டுவிட்டு ஆய்வுக்குப் போகிறவருக்குப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நிறைந்த ஒரு பழைய கல்லூரியைவிட இப்படிப்பட்ட இடம் சௌகரியம் என்பது என் கட்சி. பழைய கட்டடமும் ஆற்றங்கரையும்தான் வேண்டும் என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று. அடுத்த தவறு சாப்பாட்டு மேசையில். வாரத்தில் சில நாள் ‘ஃபார்மல் ஹால்’ இருக்கும்: முன்பதிவு செய்து, பல கல்லூரிகளில் கறுப்பு கவுன் மாட்டிக்கொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூன்று வகை பரிமாறும் விருந்து. மணி அடித்ததும் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், ஃபெல்லோக்கள் வரிசையாக ஹை டேபிளுக்குப் போவார்கள், ஒருவர் லத்தீனில் இரண்டு வரி சொல்வார், அப்புறம்தான் நாற்காலியை இழுக்கவேண்டும். இதில் தடுமாறுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்தால் போதும். தவறு என்று நான் சொல்வது இரண்டு. சைவம் என்று மட்டும் குறித்துவிட்டு, முட்டை சாப்பிடமாட்டேன் என்பதை எழுதாமல் விடுவது ஒன்று. அங்கே வெஜிடேரியன் என்றால் முட்டையும் உண்டு, இனிப்பு தட்டுக்கு வந்தபிறகு விழித்துப் பிரயோஜனமில்லை, வீகன் என்று குறிப்பது இன்னும் பத்திரம். இன்னொன்று, கூடவே போன நாலு நண்பர்களோடு ஒட்டி உட்கார்ந்து தமிழிலேயே பேசிவிட்டு எழுந்து வருவது.

நாலு பேரோடு தமிழில் பேசுவது தேவைதான், அதை யாரும் விடவேண்டாம். ஆனால் ஆய்வகத்தில் எல்லாரும் உங்கள் துறைக்காரர்கள். கல்லூரி மேசையில்தான் இடப்பக்கம் ஒரு வரலாற்றுக்காரரும் வலப்பக்கம் பாறைகளை ஆராய்கிறவரும் உட்கார்ந்து, ‘நீங்கள் என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்பார்கள். அப்போது நம்மாட்கள் ஆய்வேட்டின் தலைப்பை, பதினெட்டு சொல்லையும் ஒரே மூச்சில், ஒப்பிக்கிறார்கள். எதிரே இருப்பவர் மரியாதைக்குச் சிரித்துவிட்டுத் தட்டைப் பார்ப்பார், பேச்சு அதோடு முடிந்தது. “நெல்லுக்கு உப்புத்தண்ணீர் பட்டால் வேர் அதை எப்படித் தெரிந்துகொள்கிறது என்று பார்க்கிறேன்” என்று ஆரம்பித்தால் பாறைக்காரருக்கே நாலு கேள்வி வரும், அதில் ஒன்றாவது உங்களை ராத்திரி தூங்கவிடாது. முதலாண்டு முடிவில் இரண்டு மதிப்பீட்டாளர்கள் முன் உட்கார்ந்து இதையேதான் சொல்லவேண்டும். அதற்கு இலவசப் பயிற்சி இது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சிலர் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. சாப்பாடு பிடிக்கவில்லை, குளிர், ஆங்கிலக் கூச்சம், எல்லாம் சேர்ந்து ரசப்பொடியும் ஊறுகாயுமாக அறையோடு முடங்கிவிடுகிறார்கள். ராமானுஜன் 1914 ஏப்ரலில் அங்கே போனார்; கறாரான சைவம், ஹாலில் சாப்பிடமாட்டார், தன் அறையில் தானே பொங்கிச் சாப்பிட்டார், வேலை மும்முரத்தில் பல சமயம் அதுவும் நேரத்துக்கு இல்லை. போர்க்காலம் வேறு, சாமான் கிடைப்பதே கஷ்டம். 1917-இல் உடம்பு கெட்டுப்போனது. அவருக்கு அன்று வேறு வழி இல்லை. ஆனால் எல்லாரும் தினமும் கூடிப் பேசுகிற ஒரு இடம் அவருக்கு இல்லாமலே போயிற்று என்பதும் உண்மை. இன்று எந்தக் கல்லூரியிலும் சைவமும் வீகனும் தினசரி உண்டு.

சமைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மாடிப்படிக்கு ஒன்றாக இருக்கும் சின்னப் பொதுச் சமையலறையை அங்கே ‘ஜிப் ரூம்’ என்பார்கள். அங்கே தாளிக்கும்போது கதவைத் திறந்து வைக்காதீர்கள். சமையலறைக்குள் பல இடங்களில் சூட்டை உணரும் கருவிதான் இருக்கும், புகையை உணர்வது வெளியே நடைபாதையில். காற்றுக்காகக் கதவைத் திறந்து கடுகும் வரமிளகாயும் போட்டால், நெடி நடைபாதைக்குப் போய் அலாரம் அலறி, அந்தப் படிக்கட்டில் இருக்கிற அத்தனை பேரும் பைஜாமாவோடு புல்வெளி ஓரத்தில் வந்து நிற்பார்கள். புல்வெளி மேலேயே ஏறி நிற்பது இன்னொரு தவறு, பல கல்லூரிகளில் அது ஃபெல்லோக்களுக்கு மட்டும்தான். போர்ட்டர் வந்து கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வாசலில் இருக்கும் அந்த போர்ட்டர்களை வாட்ச்மேன் என்று நினைத்து அலட்சியமாகக் கடந்துபோவதும் கூடாது. சாவி தொலைந்தாலும், பார்சல் வந்தாலும், நடுராத்திரி உடம்புக்கு முடியாவிட்டாலும் முதலில் பார்க்கவேண்டியவர் அவர்தான்.

கல்லூரிச் சிநேகத்தை ஆய்வு விமர்சனமாக எடுத்துக்கொள்வது கொஞ்சம் நுட்பமான தவறு. நல்ல உதாரணம் சந்திரசேகரே. 1933-இல் பட்டம் முடித்து ட்ரினிட்டியில் ஃபெல்லோ ஆனார். பெரிய வானியலாளரான எடிங்டனும் அதே கல்லூரி. வெண்குறு விண்மீன்கள் பற்றிய கணக்கு எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று பார்க்க எடிங்டன் அவர் அறைக்கே அடிக்கடி வந்துபோனார். 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் பேசி முடித்ததும், அடுத்து எழுந்த எடிங்டன் அந்த முடிவையே எல்லார் முன்னாலும் கேலி செய்து தள்ளினார். அத்தனை நாள் அறைக்கு வந்துபோனவர் தன் மறுப்பை அங்கே வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. கல்லூரியில் ஒரு மூத்த ஃபெல்லோ உங்கள் வேலையைக் கேட்டுத் தலையாட்டினால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அத்தியாயத்தை எழுத்தாகக் கொடுத்து எழுத்தாகக் கருத்து வாங்குவது துறையில்தான். (எடிங்டன் சொன்னது தவறு என்பது ஊரறிந்தது, சந்திரசேகருக்கு நோபல் 1983-இல் வந்தது. ஆனால் அத்தனை வருஷம் காத்திருக்க நமக்கு ஃபெல்லோஷிப் யார் தருவார்கள்?)

என்னைக் கேட்டால் இருக்கிறதிலேயே பெரிய தவறு டியூட்டரைக் கடைசியில் போய்ப் பார்ப்பது. ஒவ்வொரு ஆய்வு மாணவருக்கும் கல்லூரியில் ஒரு டியூட்டர் உண்டு. அவர் பெரும்பாலும் உங்கள் துறையின் ஆள் இல்லை, உங்கள் வேலைக்கு மதிப்பெண் போடுகிறவரும் இல்லை, அந்தப் பதவியே அதற்காகத்தான் இருக்கிறது. நம்மூரில் கைடோடு மனஸ்தாபம் என்றால் வெளியே மூச்சு விடமுடியாது. விட்டால் பட்டம் கிடைக்குமா என்ற பயம். அந்தப் பயத்தை மூட்டையில் கட்டிக்கொண்டு போய், நெறியாளர் இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை, ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன், உதவித்தொகை தாமதம் என்று எதையுமே சொல்லாமல் இருந்துவிட்டு, கெடு முடிகிற வாரம் டியூட்டர் முன்னால் போய் அழுதால் அவரும் பாவம் என்ன செய்வார்? கொஞ்ச காலம் ஆய்வை முறைப்படி நிறுத்திவைக்க அங்கே வழி இருக்கிறது, ‘இன்டர்மிட்’ செய்வது என்பார்கள். அதற்கு விண்ணப்பமும் காரணமும் அத்தாட்சியும் வேண்டும், விசாவையும் அது பாதிக்கும், ஆக நேரம் வேண்டும். பிரச்சினை எதுவும் இல்லாத முதல் மாதத்திலேயே போய் ஒரு தேநீர் குடித்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும், நெறியாளரையும் அப்படித்தான். ‘சார்’ வாயில் வந்துகொண்டேதான் இருக்கும், ஒரு டெர்மில் சரியாகிவிடும்.

பணம். பல கல்லூரிகளில் மாநாட்டுக்கும் களப்பணிக்கும் சின்னச் சின்ன நிதி இருக்கிறது. கேட்காமல் விடுகிறவர்கள் பாதி, போய்வந்த பிறகு ரசீதை நீட்டுகிறவர்கள் மீதி. பயணத்துக்கு முன்பே, கெடு தேதிக்குள், நெறியாளரின் ஒரு வரியோடு விண்ணப்பிக்கவேண்டும். அதேபோல் டெர்முக்கு ஒருமுறை கல்லூரி பில் வரும். நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சமையலறைக் கட்டணம் என்று ஒரு தொகை அதில் இருக்கும் கல்லூரிகள் உண்டு, அறை எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இளநிலை மாணவர்களை ஒன்றிரண்டு பேராக உட்காரவைத்துச் சொல்லித்தரும் சூப்பர்விஷன் வேலை ஆய்வு மாணவர்களுக்குக் கிடைக்கும், மணிக்கணக்கில் பணம். நல்ல அனுபவம், ஆனால் முதல் வருஷமே அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரப் பாடத்துக்குப் பின்னால் திருத்தவேண்டிய தாள்கள் இருக்கின்றன. படகுக் குழுவும், எம்.சி.ஆர். எனப்படும் கல்லூரியின் மேற்படிப்பு மாணவர் அமைப்பின் கமிட்டிப் பொறுப்பும் அப்படியே. ஏதாவது ஒன்று, ஒரு வருஷம், போதும்.

அப்புறம் டிசம்பர். இளநிலைக்காரர்களின் டெர்ம் எட்டு வாரம்தான், மாதத் தொடக்கத்திலேயே கிளம்பிவிடுவார்கள். உங்களுக்கு அந்த விடுமுறை கிடையாது, ஆய்வு வருஷம் முழுக்க ஓடும். ஹால் மூடும், நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், படிக்கட்டில் ஆள் சத்தம் இருக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த மூன்று வாரத்தை முழுக்க எழுதுவதற்கென்று ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு பக்கம்கூட நகராமல் சோர்ந்துபோகிறவர்கள் நிறைய. மாதக் கடைசியில் கேம்பிரிட்ஜிலேயே தங்கப்போகிற எம்.சி.ஆர். ஆட்கள் யார் என்று நவம்பரிலேயே விசாரித்துவையுங்கள், கூட்டாகச் சமைப்பார்கள். ஊருக்கு வருவதானால் டிக்கெட்டும் அப்போதே.

கடைசி வருஷத்தில் ஒன்று. பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுக்காகக் கல்லூரிகள் தரும் ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்புக்கு உங்கள் கல்லூரியில் மட்டும்தான் கேட்கமுடியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், எந்தக் கல்லூரியிலும் கேட்கலாம். ஆனால் அடுத்த அக்டோபரில் தொடங்கும் இடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே பல கல்லூரிகளில் கெடு முடிந்துவிடுகிறது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு நிதானமாகப் பார்க்கலாம் என்று இருந்தால் ஒரு வருஷம் போய்விடும். மூன்றாவது கோடையிலேயே, வேலை பாதியில் இருந்தாலும், துறைக்கு வெளியே இருப்பவருக்கும் புரிகிற மாதிரி இரண்டு பக்கம் எழுதி, உங்கள் கல்லூரியிலேயே வேறு துறைக்காரர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.