வாங்க வருபவரின் கண்ணால் சொந்த வீட்டைப் பார்ப்பது எப்படி?

பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருப்பவரிடம், குளியலறைக் கதவில் ஏதேனும் குறை உண்டா என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். அந்தக் கதவைச் சற்றே மேலே தூக்கித் தோளால் தள்ளினால்தான் தாழ்ப்பாள் விழும் என்பது அவருடைய கைக்குத் தெரியும். கைக்குப் பழகிப்போனதால் மனம் அதைக் கவனிப்பதை என்றோ நிறுத்திவிட்டது. வீடு பார்க்க வருபவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர் ஒருமுறை சாத்திப் பார்ப்பார், கதவு திறந்துகொள்ளும். இன்னொரு முறை சாத்துவார், மீண்டும் திறந்துகொள்ளும். பிறகு நாகரிகமாக ஒன்றும் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போய்விடுவார். அதன் பிறகு அவர் வீட்டைப் பார்ப்பதில்லை, வீட்டில் இன்னும் என்னென்ன பழுதாகியிருக்கும் என்று தேடத் தொடங்கிவிடுகிறார்.

விற்பனைக்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்திக் காட்டும் வேலையை ‘ஹோம் ஸ்டேஜிங்’ என்கிறார்கள். 1970களில் அமெரிக்க வீட்டு முகவரான பார்ப் ஷ்வார்ஸ் இதைத் தனித் தொழிலாக வளர்த்தெடுத்தார். மேடை அமைப்பது என்று பொருள்படும் பெயர் இருந்தாலும், இதன் சாரம் அலங்காரத்தில் இல்லை என்பதே என் கருத்து. குடியிருப்பவரின் கண்ணுக்குப் படாமல் போனவற்றை அந்நியரின் கண்ணால் கண்டுபிடித்து, வாங்க வருபவர் இங்கே தம்மைப் பொருத்திப் பார்ப்பதற்குத் தடையாக இருப்பவற்றை ஒவ்வொன்றாக விலக்குவதுதான் இதில் உள்ள வேலை. கீழே வரும் படிகள் அனைத்தும் அதற்கான வழிகளே.

ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே வீட்டைச் சுவர் நிறத்தையும் அறைகலன்களையும் மாற்றி மாற்றிக் கணினித் திரையில் வீடு வாங்குவோருக்குச் சுற்றிக் காட்டினார்கள். வீடு வாழ்வதற்கு உகந்தது என்ற எண்ணம் அந்த மாற்றங்களால் கூடவும் குறையவும் செய்தது. ஆனால் அவர்கள் தர முன்வந்த விலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. ஆகவே புதுச் சோபா வாங்கிப் போட்டால் அதன் விலை இரட்டிப்பாகத் திரும்பி வரும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். பார்க்க வருபவர் இந்த வீட்டை விரும்புவதற்கு வழிவிடுவதுதான் நம் கையில் இருப்பது. அதற்குப் பெரும்பாலும் செலவைவிட உழைப்பே அதிகம் தேவைப்படும்.

படி 1: வீட்டை விட்டு வெளியேறி, விருந்தாளியாகத் திரும்பி வாருங்கள்

நம்முடையது என்று ஆனதுமே ஒரு பொருளின் மதிப்பு நம் மனத்தில் உயர்ந்துவிடுகிறது. பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1980இல் இதற்கு ‘உடைமை விளைவு’ என்று பெயரிட்டார். பத்தாண்டுகள் கழித்து அவரும் உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளியலாளர் ஜாக் நெட்ஷும் சேர்ந்து வெளியிட்ட சோதனைகளில், மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் கோப்பை ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். மற்றவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். சில நிமிடங்களுக்கு முன் கைக்கு வந்த கோப்பைக்கே, வாங்குவோர் தரத் தயாராக இருந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விலையை விற்போர் எதிர்பார்த்தார்கள். சில நிமிட உடைமைக்கே இந்த நிலை என்றால், குழந்தைகள் வளர்ந்த வீட்டைப் பற்றி நம் கணிப்பு எந்த அளவுக்கு நடுநிலையாக இருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகையால் கண்ணை மட்டும் நம்பாமல், ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே சாலையிலிருந்து தொடங்குங்கள். பார்க்க வருபவர் எந்த வழியில் வருவாரோ அதே வழியில் வந்து, அவர் தொடக்கூடிய அனைத்தையும் தொடுங்கள்: வாசற்கதவின் கைப்பிடி, ஒவ்வொரு சுவிட்ச், ஒவ்வொரு குழாய், ஒவ்வொரு இழுப்பறை. கதவைத் திறக்கும்போது உங்கள் கை தானாகச் செய்யும் சிறு தந்திரங்களைக் கவனியுங்கள். இரண்டு முறை அழுத்தினால் எரியும் விளக்கு, அழுத்தித் திருகினால் நிற்கும் குழாய் ஆகியவற்றை எல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, ஒவ்வோர் அறையையும் வாயிலில் நின்று கைப்பேசியில் படமெடுத்து, மறுநாள் வேறொரு இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். நேரில் கண்ணுக்குத் தெரியாத மின்கம்பிச் சுருளும், அலமாரியின் மேல் அடுக்கிய பெட்டிகளும் படத்தில் முன்னே வந்து நிற்கும். அறைக்குள் இருக்கும்போது மனம் கழித்துவிடும் பொருள்களைக் கேமரா கழிப்பதில்லை.

மூக்கைப் பொறுத்தவரை இந்த வழியும் உதவாது. தொடர்ந்து ஒரே வாசனையில் இருக்கும் மூக்கு சில நிமிடங்களிலேயே அதை உணர்வதை நிறுத்திவிடும் என்பதால், தன் வீட்டு வாசனை எவருக்கும் தெரியாது. முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்லக்கூடிய ஒருவரை அழைத்து, கதவைத் திறந்ததும் முதலில் என்ன வாசனை வருகிறது என்று கேளுங்கள். பதில் சற்றுக் கசப்பாக இருக்கலாம்.

படி 2: சிறிய பழுதுகளை முதலில் முடியுங்கள்

உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இல் எழுதிய ஒரு கட்டுரையில், இராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளவர்களை மதிப்பிட்ட முறையை ஆராய்ந்தார். உடல்தோற்றம், அறிவு, தலைமைப்பண்பு, ஒழுக்கம் என்று தனித்தனியாக மதிப்பிடச் சொல்லியும், ஒன்றில் உயர்வாக மதிப்பிடப்பட்டவர் மற்றவற்றிலும் உயர்வாகவே மதிப்பிடப்பட்டிருந்தார். ஒரு பண்பின் ஒளி மற்றவற்றின் மீதும் படிவதால் இதை ‘ஒளிவட்ட விளைவு’ என்கிறோம். வீட்டின் விஷயத்தில் நிழலும் இவ்வாறே படிகிறது. கூரையின் உறுதியையும் சுவருக்குள் ஓடும் குழாய்களின் நிலையையும் பார்க்க வருபவரால் நேரடியாகச் சோதிக்க முடியாது. ஆகவே தம்மால் சோதிக்க முடிந்த ஒன்றை, அதாவது சொட்டும் குழாயையும் ஆடும் கைப்பிடியையும் கொண்டு, சோதிக்க முடியாததை ஊகிக்கிறார். கைப்பிடியின் திருகை இறுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. இறுக்காமல் விட்டால் அது கூரையின் மீதான நம்பிக்கையைக் குறைக்கிறது.

முதல் படியில் எழுதிய பட்டியலில் கைக்குப் படும் குறைகளை முதலிலும், கண்ணுக்குப் படும் குறைகளை அடுத்தும் சரிசெய்யுங்கள். சுவரில் ஆணி அடித்த துளைகள், சுவிட்சைச் சுற்றிப் படிந்த விரல் அழுக்கு, ஓடுகளுக்கு இடையே கறுத்துப்போன பூச்சு ஆகியவை இரண்டாம் வகை.

பழுதுபார்ப்பதும் மறைப்பதும் ஒன்றல்ல. ஈரக்கசிவின் கறைமீது வண்ணம் பூசுவதும், விரிசலின் முன் அலமாரியை நகர்த்தி வைப்பதும் நேர்மையற்ற செயல்கள் என்பதோடு, உளவியல் நோக்கிலும் மூடத்தனமானவை. மறைத்தது ஒன்று வெளிப்பட்டால், வெளிப்படாதவை எத்தனை என்ற கேள்விக்கு உங்களால் எந்தப் பதிலும் சொல்ல முடியாது.

படி 3: உங்கள் கதையைச் சுவரிலிருந்து இறக்குங்கள்

வாங்கும் எண்ணத்தோடு நான் ஒருமுறை பார்க்கப் போன வீட்டின் வரவேற்பறைச் சுவரில் பதினேழு குடும்பப் படங்கள் மாட்டியிருந்தன. எண்ணிப் பார்த்ததால் எண்ணிக்கை நினைவிருக்கிறது. அந்த அறைக்கு எத்தனை ஜன்னல்கள் என்பது நினைவில்லை. அழகற்ற படங்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றின் நடுவே நான் விருந்தாளியாகவே நின்றேன். குரலைத் தாழ்த்திப் பேசினேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். விருந்தாளியாக உணர்பவர் தம் புத்தக அலமாரியை எந்தச் சுவரில் வைக்கலாம் என்று யோசிப்பதில்லை. குடும்பப் படங்கள், பரிசுக் கோப்பைகள், சான்றிதழ்கள், குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய குறிப்புகள் ஆகியவற்றை இப்போதே பெட்டியில் கட்டிவிடுங்கள். எப்படியும் கட்டத்தான் போகிறீர்கள்.

அலமாரிகளையும் வருபவர்கள் திறந்து பார்ப்பார்கள். நிரம்பி வழியும் அலமாரி, இந்த வீட்டில் இடம் போதவில்லை என்பதை உங்கள் வாயால் சொல்லாமலே சொல்லிவிடும். மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

அதற்காக வீட்டை முற்றிலும் காலிசெய்துவிடவும் கூடாது. வெற்று அறையில் கண்ணுக்கு அளவுகோல் எதுவும் இல்லாததால் கட்டில் போட்டால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதைப் பெரும்பாலானோரால் கணிக்க முடிவதில்லை. மேலும், பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாதபோது கண் நேரே தரையின் கீறலுக்குத்தான் போகும். ஒவ்வோர் அறைக்கும் ஒரே ஒரு பயனைத் தீர்மானித்து, அதற்கு வேண்டிய பொருள்களை மட்டும் வையுங்கள். பாதி அலுவலறையாகவும் பாதிச் சாமான் அறையாகவும் இருக்கும் இடத்தை வருபவரின் மனம் சாமான் அறையாகவே கணக்கில் எழுதிக்கொள்ளும்.

ஒரு நுணுக்கமான செய்தியும் உண்டு. 2012இல் ரையன் எல்டரும் அராத்னா கிருஷ்ணாவும் வெளியிட்ட ஆய்வில், கோப்பையின் படத்தைப் பார்த்தவர்கள், தாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கையின் பக்கம் கைப்பிடி திரும்பியிருந்தபோது அதை வாங்குவதில் கூடுதல் விருப்பம் காட்டினார்கள். கை அதை எடுப்பதுபோன்ற கற்பனை எளிதாக எழுந்ததே அதற்குக் காரணம் என்று விளக்கினார்கள். வீட்டுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், நாற்காலியை மேசைக்குள் முழுக்கத் தள்ளாமல் ஒருவர் உட்காரும் அளவுக்குச் சற்று இழுத்தே வைக்கும் பழக்கம் எனக்கு இதிலிருந்துதான் வந்தது.

படி 4: நடக்கவும் அமரவும் இடம் விடுங்கள்

புவியியலாளர் ஜே ஆப்பிள்டன் 1975இல் முன்வைத்த கருத்தின்படி, முன்னே நெடுந்தொலைவு பார்க்கக்கூடியதாகவும் பின்னே பாதுகாப்பாகவும் இருக்கும் இடங்களை மனிதர்கள் விரும்புகிறார்கள். இதன்படி சோபாவை, உட்கார்ந்தால் ஜன்னலும் அறையின் வாயிலும் கண்ணுக்குத் தெரியுமாறு போடுங்கள். வாயிலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் சோபா நுழைபவரைத் தடுக்கும் சுவர்போல் ஆகிவிடும். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருக்கும் இடங்களில் ஏதேனும் ஓர் அறைகலனை எடுத்துவிடுங்கள். உடம்பு ஒடுங்கும் இடத்தை மனம் சிறிய அறை என்றே பதிவுசெய்யும்.

படி 5: வெளிச்சம்

இதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. ஜன்னல் கண்ணாடியை இருபுறமும் துடையுங்கள், கனமான திரைச்சீலைகளைக் கழற்றுங்கள், ஓர் அறையில் உள்ள பல்புகள் அனைத்தும் ஒரே நிறத்தில் எரியுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். வசிப்பறைக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) வரையிலான இதமான மஞ்சள் ஒளி பொருந்தும். சமையலறைக்கு 4000 கெல்வின் வரை போகலாம்.

படி 6: வாசனையில் அடக்கம்

மற்றப் புலன்களின் செய்திகள் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகவே மூளையின் மேற்பகுதியைச் சென்றடைகின்றன. மணத்தின் செய்தியோ அந்த நிலையத்தில் நிற்காமலே உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளைத் தொட்டுவிடுகிறது. அதனால்தான் காரணம் சொல்லத் தெரியாமலே ஒரு வீடு பிடித்துப்போகிறது, அல்லது பிடிக்காமல் போகிறது. இதைத் தெரிந்துகொண்ட சிலர் நறுமணத் தெளிப்பான்களைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். வருபவருக்கோ, எதை மறைக்க இவ்வளவு மணம் என்ற ஐயம்தான் எழுகிறது. வீட்டு அலங்காரப் பொருள் கடை ஒன்றில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஆரஞ்சு மணத்தை மட்டும் பரப்பியபோது வாடிக்கையாளர்கள் கூடுதலாகச் செலவழித்தார்கள். ஆரஞ்சோடு வேறு மணங்களையும் கலந்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எளிய மணத்தை இனம்காண மனம் உழைக்க வேண்டியதில்லை என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். ஈரத்துக்கும் நாற்றத்துக்கும் மூலகாரணத்தை நீக்கிவிட்டு, பார்க்க வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஜன்னல்களைத் திறந்து வைத்தாலே போதும் என்பது என் அனுபவம்.

படி 7: சுற்றிக் காட்டும் வரிசையைத் தீர்மானியுங்கள்

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946இல் ஒரு மனிதரைப் பற்றிய ஆறு சொற்களை இரண்டு குழுக்களுக்குப் படித்துக் காட்டினார். ஒரு குழுவுக்கு ‘அறிவாளி, உழைப்பாளி’ என்று தொடங்கி ‘பிடிவாதக்காரர், பொறாமைக்காரர்’ என்று முடித்தார். மற்றக் குழுவுக்கு அதே சொற்களைத் தலைகீழாகப் படித்தார். முதல் குழு அந்த மனிதரைக் கூடுதல் நல்லெண்ணத்தோடு மதிப்பிட்டது. முதலில் கேட்டது பின்னால் கேட்டவற்றின் பொருளையே மாற்றிவிடுகிறது. ஆகவே உங்கள் வீட்டின் மிகச் சிறந்த அறைக்கு வருபவர் முதல் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் வந்து சேர வேண்டும்; இணையத்தில் இடும் படங்களிலும் அதுவே முதலில் வரட்டும்.

முடிவுக்கும் தனி வலிமை உண்டு. 1993இல் கானமனும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனையில், பங்கேற்றவர்கள் ஒருமுறை 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 நொடிகள் கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 நொடிகளுக்குப் பிறகு, நீர் மெல்ல 15 பாகைக்கு உயர, மேலும் 30 நொடிகள் வைத்திருந்தார்கள். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது, நீண்ட நேரம் வலித்ததையே பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தார்கள், ஏனெனில் அதன் முடிவு சற்று இதமாக இருந்தது. மின்மானிப் பெட்டியையும் சாமான் அறையையும் காட்ட வேண்டியதுதான். ஆனால் சுற்றின் நடுவே காட்டிவிட்டு, வெளிச்சம் விழும் அந்த நல்ல அறைக்கே அவர்களைத் திரும்ப அழைத்து வந்து முடிக்குமாறு முகவரிடம் சொல்லிவையுங்கள்.

முகவரிடம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாம். உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போது எவரும் அலமாரியைத் திறப்பதில்லை, குறையை வாய்விட்டுச் சொல்வதில்லை, சோபாவில் சாய்ந்து உட்கார்வதில்லை. அவர்கள் போன பிறகு திரும்பி வந்து, எந்தப் பொருளையும் ஒழுங்குசெய்யும் முன்பு, முதல் படியில் எடுத்த தாளோடு ஒருமுறை வீட்டைச் சுற்றுங்கள். எந்த இழுப்பறை முழுக்க மூடப்படாமல் இருக்கிறது, எந்த ஜன்னல் திறக்கப்பட்டிருக்கிறது, சற்று இழுத்து வைத்த நாற்காலி எவ்வளவு நகர்ந்திருக்கிறது, எந்த அறையின் விளக்கை எவரும் போடவே இல்லை என்பதைக் குறித்துக்கொண்டு, அடுத்தவர் வருவதற்குள் அந்த இருண்ட அறையிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.