தைராய்டு அறுவைக்குக் கழுத்து பிளாக்: முதல்முறை போடுபவர்களுக்கு

புதுச்சேரியில் மயக்கவியல் படிக்க வந்திருக்கும் பி.ஜி. தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். மானிட்டர், ஐ.வி. லைன், இன்ட்ராலிப்பிட் (மரப்பு மருந்தின் நச்சுக்கு மாற்றாகக் கொடுக்கும் கொழுப்புக் கரைசல்) எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

போடப்போவது இருபக்க சூப்பர்ஃபிஷியல் சர்விகல் பிளெக்சஸ் பிளாக், அதாவது கழுத்தின் தோல் நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசி. சி2 முதல் சி4 வரையிலான கழுத்துத் தண்டுவட நரம்பு வேர்களிலிருந்து வரும் நான்கு தோல் நரம்புகள் ஸ்டெர்னோமாஸ்டாய்டு தசையின் (காதின் பின்னிருந்து மார்பெலும்பை நோக்கி இறங்கும் கழுத்துத் தசை) பின்விளிம்பில், ஏறக்குறைய நடுவில், மேலே வருகின்றன. பொது மயக்கம் கொடுத்தபின், கத்தி வைக்கும் முன் போட்டுவிடுவது என் வழக்கம்.

தலையை மறுபக்கம் திருப்புங்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனின் லீனியர் புரோபைத் தைராய்டு குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில் குறுக்காக வைத்து, தசை பின்பக்கம் கூம்பி முடியும் இடத்தைத் திரை நடுவில் கொண்டுவாருங்கள். புரோபை அழுத்தாதீர்கள். அழுத்தினால் வெளிக் கழுத்துச் சிரை நசுங்கி, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

சரி, இனிதான் புதியவர்கள் தடுமாறும் இடம். ஊசிமுனை நிற்க வேண்டியது தசையின் அடிப்பக்கத்துக்கும் அதன் கீழே வெள்ளைக் கோடாகத் தெரியும் ப்ரீவெர்டிப்ரல் உறைக்கும் (முதுகெலும்பை ஒட்டிய தசைகளை மூடும் உறை) நடுவில். அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். தாண்டினால் உதரவிதானத்தை இயக்கும் ஃப்ரெனிக் நரம்பு மரத்துப்போகலாம். இருபக்கமும் அப்படி ஆனால் உதரவிதானமே வேலை செய்யாது. அந்த உறைக்கும் கீழே போடும் டீப் பிளாக்கை இருபக்கமும் போடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதும் இதனால்தான். முதலில் 1 மி.லி. சலைன் விட்டுப் பாருங்கள். தசை மேலே எழும்பி அடியில் கறுப்புப் பட்டையாக விரிந்தால் இடம் சரி. தசையே உப்பினால் முனை உள்ளே இருக்கிறது, சற்று நகர்த்துங்கள். அப்புறம் மருந்து: கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு முறை விடும் முன்பும் இரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்த்து, பக்கத்துக்கு 10 மி.லி., 0.25% புப்பிவாக்கைன்.

மொத்தம் 50 மி.கி. ஆகிறது. கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்தால் 50 கிலோ எடையுள்ளவருக்கு வரம்பு 100. அறுவை மருத்துவர் லிக்னோகைன் போடுவார் என்றால் முன்கூட்டியே கேட்டு, இந்தக் கணக்கில் சேருங்கள்.

ஊசியைச் சிரிஞ்சில் நேரடியாக மாட்டாமல் நடுவில் எக்ஸ்டென்ஷன் டியூப் போடுங்கள். ஒருவர் ஊசியைப் பிடிக்க, இன்னொருவர் மருந்து தள்ளினால் முனை ஆடாது.

விழித்தபின் “முழுங்கினா வலிக்குது” என்பார்கள். அது மூச்சுக்குழாய் டியூப் தந்த புண். பின்கழுத்து வலி, தலையைச் சாய்த்து வைத்திருந்ததால் வருவது. இரண்டையும் இந்த பிளாக் தொடாது, பாரசிட்டமாலை நிறுத்தாதீர்கள். கழுத்து வீங்கினாலோ மூச்சில் சத்தம் வந்தாலோ பிளாக் மேல் பழி போடாமல் உடனே காயத்தைப் பாருங்கள், இரத்தக்கட்டாக இருக்கலாம்.

பிற்சேர்க்கை: ஸ்கேன் மெஷின் இல்லாத தியேட்டரில் என்ன செய்வது என்று கடலூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். பின்விளிம்பின் நடுப்புள்ளியில் தோலுக்குச் சற்றே அடியில் நுழைந்து, விளிம்பை ஒட்டியே மேலும் கீழும் விசிறிபோல் மருந்தைப் பரப்புங்கள். நீளமான ஊசி வேண்டாம். ஆழத்தில் இறங்க அதற்கு வழி இருக்கவே கூடாது.