டாஷ்போட் மாற்றும்போது இக்னிஷன் லொக்கைக் கழற்றுவது எப்படி?

வெயிலில் நின்று நின்று டாஷ்போட் வெடித்துப்போன கார்கள் திருகோணமலையில் நிறைய. எங்கள் பழைய கொரோலா 121-உம் அதில் ஒன்று. கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய பாவித்த டாஷ்போட்டை வீட்டு முற்றத்தில் வைத்தே பூட்டினோம். அதில் இக்னிஷன் லொக், அதாவது திறப்பைப் போட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யும் பூட்டுப் பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: டாஷ்போட் மட்டும் மாறுகிறதென்றால் லொக்கில் கை வைக்கவே வேண்டாம். ஸ்டியரிங் கொலத்தை, அதாவது ஸ்டியரிங்கைத் தாங்கும் தண்டுப் பகுதியை, இறக்கினால் போதும். கொலமும் சேர்ந்த செட்டாக வாங்கி, உங்கள் பழைய திறப்பையே பாவிக்க விரும்பினால்தான் இந்த வேலை. அப்படி வாங்கும்போது அந்த லொக்கின் திறப்பையும் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "அது எதுக்கு தம்பி" என்பார். விடாதீர்கள், காரணம் கீழே வருகிறது.

டயர்கள் நேராக இருக்கட்டும். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி 90 செக்கனாவது பொறுங்கள். எயார்பேக்கில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்க அந்த நேரம் வேண்டும். மஞ்சள் நிற கனெக்டர் எல்லாம் எயார்பேக்குக்குப் போவது, மீற்றர் வைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள். கொலத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவரின் திருகாணிகளைக் கழற்றி இரண்டாகப் பிரியுங்கள். காலை பத்து மணிக்குப் பிறகு செய்தால் நல்லது. பிளாஸ்டிக் சூட்டில் கொஞ்சம் இளகியிருக்கும், கிளிப் உடையாது.

இனித்தான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். திறப்பைப் போடும் உருளை வேறு, அதைத் தாங்கும் உலோகக் கூடு வேறு. வாங்கிய செட்டின் உருளையை எடுத்துவிட்டு உங்கள் பழைய உருளையை அதில் போடுவதுதான் வேலை. உருளையை ஒரு சின்ன பின் பிடித்து வைத்திருக்கிறது. கூட்டிலுள்ள சிறிய துளை வழியாக அந்தப் பின்னை அமுக்க வேண்டும். ஆனால் திறப்பு LOCK-இல் (பூட்டிய நிலையில்) இருக்கும்போது எவ்வளவு அமுக்கினாலும் அசையாது. அடுத்த நிலையான ACC-க்குத் திருப்பினால்தான் பின் உள்ளே போக இடம் கிடைக்கும். பாவித்த செட்டின் திறப்பைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்குத்தான். ACC-இல் வைத்து, பின்னை அமுக்கியபடியே திறப்பைப் பிடித்து நேராக இழுங்கள். உருளை திறப்போடு வந்துவிடும்.

அமுக்குவதற்குத் திருப்புளி வேண்டாம், வழுக்கும். சைக்கிள் ஸ்போக் கம்பியில் ஒரு சாண் வெட்டி நுனியை அரத்தால் தட்டையாக்கினால் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்க வண்டிகளில் உப்புக் காற்றால் பின் இறுகியிருக்கும். துளைக்குள் துருநீக்கி எண்ணெய் கொஞ்சம் அடித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். உருளைக்குள் மட்டும் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து திறப்பு சிக்கத் தொடங்கும். அங்கே கிரபைட் தூள்தான் சரி.

கூட்டையும் கழற்றப் பார்க்காதீர்கள். அதன் போல்ட்டுகளின் தலை திருடருக்குப் பயந்து வேண்டுமென்றே ஒடிக்கப்பட்டிருக்கும். துளையிட்டுத்தான் எடுக்க முடியும், அது கராஜ் வேலை.

உருளை வெளியே இருக்கும்போது ஸ்டியரிங்கைப் பூட்ட எதுவுமில்லை. கொலத்தையும் கழற்றினால் ஸ்டியரிங் சில்லு இஷ்டத்துக்குச் சுழன்று, எயார்பேக்கின் சுருள் வயர் அறுந்துவிடும். கயிற்றால் கட்டி வையுங்கள். திரும்ப அதே இடத்தில் பொருத்துவதற்காக, அடியில் இணையும் தண்டில் பெயின்ற்றால் ஒரு கோடும் போடுங்கள்.

திரும்பப் பூட்டும்போதும் ACC நிலைதான். 'டிக்' என்று பின் விழ வேண்டும். திறப்பை இழுத்துப் பாருங்கள், LOCK வரை திருப்பித் திறப்பை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டுகிறதா, திரும்பப் போட்டு ACC-க்குத் திருப்பினால் திறக்கிறதா என்றும் பாருங்கள். கவரை அதற்குப் பிறகு மூடலாம்.

பின்சேர்க்கை: கிண்ணியாவிலிருந்து ஒருவர், எல்லாம் சரியாகப் பூட்டியும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று எழுதியிருந்தார். இமொபிலைசர் (வேறு திறப்பால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் கருவி) உள்ள வண்டியென்றால் திறப்பின் தலைக்குள் ஒரு சிப் இருக்கும். உருளையின் வாயைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையம்தான் அதை வாசிக்கிறது. அவர் அந்த வளையத்தின் கனெக்டரைச் செருகாமலே கவரை மூடியிருந்தார்.