மீன்களின் இணைசேர்தலும் குஞ்சு வளர்ப்பும்: தவிர்க்க வேண்டிய தவறான விளக்கங்கள்

திருகோணமலைக்கு அருகே நிலாவெளியில் வள்ளம் ஏறிப் புறாமலைத் தீவுக்குப் போய், முகமூடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தவர்கள் யாராவது ஒரு மீன் கதை இல்லாமல் கரைக்கு வருவதில்லை. கோமாளி மீன் குடும்பத்தோடு இருந்தது, சுறா தன் குட்டியைக் கூட்டிக்கொண்டு போனது, கோடு போட்ட மீன் ஒன்று கடிக்க வந்தது என்று சொல்வார்கள். கண்டது உண்மைதான். அதற்குச் சொல்லும் விளக்கத்தில்தான் பிழை புகுந்துவிடுகிறது. உயர்தர வகுப்பில் கூர்ப்பு (பரிணாமம்) படிக்கும் பிள்ளைகளின் விடைகளிலும் அதே பிழைகள் வருகின்றன. மீன்கள் எப்படி இணைசேர்கின்றன, யார் முட்டையைக் காக்கிறார்கள் என்பதெல்லாம் கூர்ப்பின் போக்கையே திருப்பும் விஷயங்கள். ஆகவே இந்தப் பிழைகளைச் சின்னப் பிழைகள் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

காவலுக்கு நிற்பது தாய் என்று முடிவுகட்டுவது

புறாமலையின் ஆழம் குறைந்த பக்கத்தில், மஞ்சள் முதுகும் ஐந்து கறுப்புப் பட்டைகளும் உள்ள உள்ளங்கை அளவு மீன்கள் கூட்டமாகத் திரியும். சார்ஜன்ட் மீன் என்பார்கள். கூட்டத்தோடு போகாமல் ஒன்று மட்டும் ஒரு பாறையருகிலேயே நிற்பதைச் சில வேளை காணலாம். அதன் உடம்பில் வழமையை விட நீலம் ஏறியிருக்கும். பாறையை உற்றுப் பார்த்தால் ஊதா கலந்த சிவப்பில் ஒரு திட்டு இருக்கும். பாசி என்று நினைத்துவிடாதீர்கள், அத்தனையும் முட்டைகள். மீன் துடுப்பால் விசிறி அவற்றுக்கு ஒட்சிசன் கிடைக்கச் செய்கிறது, பழுதான முட்டைகளைக் கொத்தி அகற்றுகிறது, கிட்ட வரும் எதையும் விரட்டுகிறது. பார்ப்பவர்கள் "தாய்ப்பாசம்" என்கிறார்கள். அங்கே நிற்பது தகப்பன்.

எலும்பு மீன் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் குஞ்சு பராமரிப்பே கிடையாது. முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். பராமரிப்பு இருக்கும் இடங்களில், ஒருவர் மட்டும் காப்பதென்றால் அது பெரும்பாலும் ஆண்தான். பாலூட்டிகளையும் பறவைகளையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதுமையாக இருக்கலாம்.

ஏன் ஆண்? "பெண் முட்டையிட்டதும் ஓடிவிடுகிறது, ஆண் தனியே மாட்டிக்கொள்கிறது" என்று ஒரு விளக்கம் பரவலாக உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. முட்டையும் விந்தும் ஒரே நேரத்தில் வெளியேறும் இனங்களிலும் ஆணே காவல் இருப்பதை நிறையக் காணலாம். கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. வெளியில் கருக்கட்டும்போது முட்டை வந்து சேர்வது ஆண் பிடித்து வைத்திருக்கும் இடத்தில். அந்த இடத்தை அது எப்படியும் காக்கத்தான் வேண்டும். ஒரு பெண்ணின் முட்டையைக் காத்தாலும் ஐந்து பெண்களின் முட்டையைக் காத்தாலும் அதற்கு வேலை ஏறத்தாழ ஒன்றுதான். காவல் இருந்துகொண்டே அடுத்த துணையையும் தேடலாம். பெண்ணுக்கு நிலைமை அப்படியில்லை. அது தின்று வளர வேண்டும், ஏனென்றால் உடல் பெருத்தால்தான் முட்டையும் பெருகும். காவலில் கழியும் நாள் அதற்குப் பெரிய இழப்பு.

இன்னும் ஒரு படி போகலாம். ஐரோப்பியக் கரையோரத்து மணல் கோபி மீன்களில், பெண் பார்த்துக்கொண்டிருந்தால் ஆண் முட்டைகளைக் கூடுதலாகக் கவனிக்கிறது. நன்றாகக் கவனிக்கும் ஆணைப் பெண்களும் விரும்பித் தேர்கின்றன. பல இனங்களில் ஏற்கெனவே முட்டை இருக்கும் கூட்டையே பெண்கள் நாடுகின்றன. அதாவது குஞ்சைக் காப்பதே துணையைக் கவரும் வழியாகிவிட்டது. இணைசேர்தலை ஒரு பாடமாகவும் பராமரிப்பை இன்னொரு பாடமாகவும் பிரித்துப் படித்தால் இந்த இடத்தில் தடுக்கி விழத்தான் வேண்டும்.

சரி, ஆண்தான் காக்கும் என்று பொதுவிதி எழுதிவிடலாமா? கூடாது. கந்தளாய்க் குளம் ஒன்றே போதும். விரால் இருந்தால் இரண்டு பெற்றோரும் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே காவல் வரும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் மூச்சு வாங்கத் திரளாக மேலே வந்து நீர்ப்பரப்பில் குமிழியிடுவதைக் கரையில் இருந்தே பார்க்கலாம். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியாவில் ஆண் மணலில் வட்டக் குழி தோண்டிப் பெண்ணை அழைக்கும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. பெண் முட்டைகளை வாய்க்குள் எடுத்துக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல், குஞ்சுகள் நீந்தும்வரை சுமக்கும். வெயில் காலத்தில் குளம் வற்றும்போது ஓரத்துச் சேற்றில் தெரியும் வட்டக் குழிகள் இந்த ஆண்களின் வேலை. ஒரே குளம், ஒரே தண்ணீர், வழிகள் வேறு.

சுறா இன்னொரு பக்கம். புறாமலையில் அடிக்கடி தெரியும் துடுப்பு நுனி கறுத்த சுறாவில் கருக்கட்டல் உடலுக்குள் நடக்கிறது. ஆணின் அடிவயிற்றுத் துடுப்புகளோடு சேர்ந்து விரல் போன்ற இரண்டு உறுப்புகள் இருப்பதைப் பக்கவாட்டில் கண்டுகொள்ளலாம். கரு பெண்ணின் உடலுக்குள் வளர்வதால் சுமை முழுவதும் பெண்ணுக்கே. ஒரு தடவைக்குச் சில குட்டிகள் மட்டும், ஆனால் நன்றாக வளர்ந்த குட்டிகள். பிறந்த பிறகு தாய் அவற்றைப் பார்ப்பதே இல்லை. ஆகவே பெரிய சுறாவுக்குப் பக்கத்தில் சின்னச் சுறா போனால் அதைத் தாயும் பிள்ளையும் என்று சொல்லாதீர்கள்.

"இனம் அழியாமல் இருக்கத்தான்" என்று எழுதுவது

பரீட்சை விடைகளில் இதைவிட அதிகமாக வரும் வசனம் இல்லை. எந்த நடத்தையைக் கேட்டாலும் "இனத்தைப் பாதுகாப்பதற்காக" என்று முடித்துவிடுகிறார்கள். சார்ஜன்ட் மீனின் குடும்பத்திலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. காவல் நிற்கும் தகப்பன் தன் முட்டைகளில் சிலவற்றைத் தானே தின்கிறது. முட்டைத் தொகுதி மிகச் சிறியதாக இருந்தால் முழுவதையும் தின்றுவிடுவதும் உண்டு. கொஞ்ச முட்டைகளுக்காக நாட்கணக்கில் பட்டினி கிடப்பதை விட, தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு அடுத்த பெரிய தொகுதியைக் காத்தால் வாழ்நாளில் மிஞ்சும் குஞ்சுகள் அதிகம். இயற்கைத் தேர்வு அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது. இனத்தின் நலத்தை எந்த மீனும் சுமந்து திரிவதில்லை.

கோமாளி மீனுக்கு வருவோம். கோமாளி மீன்கள் வாழ்வது கடற்சாமந்தி என்ற, பூப்போன்ற கடல் விலங்குக்குள். ஒரு கடற்சாமந்திக்குள் பெரிது, அடுத்தது, பிறகு சின்னச் சின்னதாகச் சில. அப்பா அம்மா பிள்ளைகள் போலத் தோன்றும், ஆனால் அப்படி இல்லை. பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை இனப்பெருக்கம் செய்யாதவை. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் பத்து நாள் அளவில் கடலில் மிதந்து வேறு எங்கோ போய்ச் சேர்வதால், கூட இருக்கும் சின்னவை வழமையாக அந்தச் சோடியின் பிள்ளைகள் அல்ல. பப்புவா நியூகினியில் பீட்டர் பஸ்டன் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. சின்ன மீன்கள் அங்கே பொறுத்திருப்பது இடத்துக்காக. பெண் செத்தால் ஆண் பெண்ணாக மாறும், வரிசையில் அடுத்தது ஆணாகும். முறை வரும்வரை தனக்கு முன்னால் இருப்பதை விடச் சிறிதாகவே ஒவ்வொன்றும் தன் வளர்ச்சியை அடக்கி வைத்திருக்கும். எட்டிப் பிடிக்கப் பார்த்தால் விரட்டப்படும், கடற்சாமந்தியை விட்டு வெளியே போனால் உயிர் தப்புவது அரிது.

இங்கேயே இன்னொரு பிழையும் ஒட்டிக்கொண்டு வரும்: ஆண் பெண்ணாக மாறுவதைக் "கூர்ப்பு" என்று சொல்வது. ஒரு மீன் தன் வாழ்நாளில் மாறுவது வளர்ச்சி. அப்படி மாறும் ஆற்றல் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு நிலைத்ததுதான் கூர்ப்பு.

கடற்குதிரையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. ஆண் கருவைச் சுமப்பதால் அங்கே பெண்களே ஆணுக்காகப் போட்டியிடும் என்று பலர் ஊகிக்கிறார்கள். அதன் உறவினமான குழல்மீன்களில் சிலவற்றில் அது உண்மை. ஆண்களின் பைகள் நிரம்பும் வேகத்தை விடப் பெண்கள் முட்டை உருவாக்கும் வேகம் கூட என்பதால், இடம் உள்ள ஆணுக்காகப் பெண்கள் மோதுகின்றன. கடற்குதிரைகளிலோ துணைக்காகக் கூடுதலாக முட்டி மோதுவது ஆண்கள்தான். யார் சுமக்கிறார் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. யார் சீக்கிரம் அடுத்த இணைக்குத் தயாராகிறார் என்றும் பார்க்க வேண்டும்.

பதுங்கி வரும் ஆணைத் தோற்றவன் என்று நினைப்பது

வட அமெரிக்காவின் நீலச்செவுள் சூரியமீனில் ஆண்கள் இரண்டு பாதையில் போகின்றன. ஒரு வகை ஏழு வயதளவில் முதிர்ந்து, கூடு கட்டி, முட்டைகளைக் காக்கிறது. மற்றது இரண்டு வயதிலேயே முதிர்ந்து, கூட்டின் ஓரத்தில் பதுங்கி, பெண் முட்டையிடும் கணத்தில் பாய்ந்து விந்தைவிட்டு ஓடுகிறது. அதன் விந்தகம் உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரிது. "பலவீனமான ஆண் செய்யும் திருட்டு" என்று எழுதினால் விஷயம் கைநழுவிவிடும். இரண்டு பாதையிலும் பிள்ளைகள் பிறக்கிறார்கள், அதனால்தான் இரண்டும் நிலைத்திருக்கின்றன. காவல் நிற்கும் ஆணும் சும்மா இருப்பதில்லை. கூட்டில் உள்ளவை தன் பிள்ளைகள்தானா என்ற ஐயம் கூடும்போது பராமரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. பதுங்கும் ஆண் பெருகினால் தகப்பனின் நடத்தையும் மாறும்.

அப்புறம், இதையெல்லாம் மனிதக் குடும்பங்களுக்குப் பொருத்திப் பேசுவதையும் விட்டுவிடுங்கள். மீனின் நடத்தையில் நமக்கான ஒழுக்கப் பாடமும் இல்லை, ஒழுக்கக்கேட்டுக்கான நியாயமும் இல்லை.

நிறத்தைப் பெண்ணின் ரசனையோடு மட்டும் முடித்துவிடுவது

நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று கிணற்றிலும் தொட்டியிலும் விடும் கப்பி மீனின் ஆணுக்கு வாலிலும் உடம்பிலும் செம்மஞ்சள் புள்ளிகள் உண்டு. பெண்ணுக்கு அது பிடிக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் புள்ளியைத் தின்னவரும் மீனும் பார்க்கும். டிரினிடாட் ஓடைகளில் வேலை செய்த ஜோன் எண்ட்லர் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஆபத்தான இரைகவ்விகள் உள்ள இடத்திலிருந்து அவை இல்லாத ஓடைக்குக் கப்பிகளை மாற்றியபோது, இரண்டே ஆண்டுகளில் ஆண்களின் நிறம் கூடிவிட்டது. நிறம் என்பது பெண்ணின் விருப்பத்துக்கும் இரைகவ்வியின் வாய்க்கும் நடுவே நடக்கும் இழுபறி.

நிறத்தைப் பார்க்க முதலில் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியில் ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்குள் திலாப்பியாவின் குடும்பமான சிக்லிட் மீன்களில் நூற்றுக்கணக்கான இனங்கள் பிரிந்தன. நெருங்கிய இனங்கள் பலவற்றைத் தனித்தனியாக வைத்திருப்பதே பெண்கள் ஆணின் நிறம் பார்த்துத் தேர்வதுதான். நீர் கலங்கிய பகுதிகளில் நிறங்கள் மங்கி, இனங்களும் குறைந்து, ஒன்றோடொன்று கலப்பதை 1997இல் ஓலே சீஹவுசனும் கூட இருந்தவர்களும் எடுத்துக்காட்டினார்கள். மாரியில் மகாவலி கொட்டியாரக் குடாவுக்குள் கொண்டுவந்து கொட்டும் சேற்றைப் பார்த்தவர்களுக்கு, நிறம் தெரியாத தண்ணீர் எப்படி இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

கூர்ப்பு என்றோ நடந்து முடிந்தது என்று எண்ணுவது

எனக்கு மிகவும் கவலை தரும் பிழை இதுதான். டேவிட் ரெஸ்னிக்கின் குழு டிரினிடாட்டில் கப்பிகளை இரைகவ்வி குறைந்த இடத்துக்கு மாற்றி 11 ஆண்டுகள் கவனித்தது. அதற்குள் அவை பிந்தி முதிரவும், எண்ணிக்கையில் குறைந்த, அளவில் பெரிய குஞ்சுகளை ஈனவும் தொடங்கியிருந்தன. மாற்றம் பரம்பரையாகவே போனது. ஒரு பிள்ளை பாடசாலை தொடங்கி முடிப்பதற்குள் நடந்த கூர்ப்பு இது.

நமது தூண்டிலும் இதே வேலையைச் செய்கிறது. அமெரிக்காவில் பெருவாய் பாஸ் மீனை வைத்து இல்லினோய் மாநிலத்தில் பல்லாண்டுகள் நடந்த ஆய்வில், தூண்டிலில் எளிதில் சிக்கும் குணம் பரம்பரையாகக் கடத்தப்படுவது தெரிந்தது. அதைவிட முக்கியமானது, எளிதில் சிக்கும் ஆண்களே முட்டையை மும்முரமாகக் காக்கும் ஆண்களாக இருந்தன. கூட்டருகே வரும் எதையும் பாய்ந்து கடிப்பதால்தான் சிக்குகின்றன. அவற்றையே எடுத்துக்கொண்டு போனால் மிஞ்சுவது அசட்டையான தகப்பன்கள். விராலும் குஞ்சோடு இருக்கும்போது தூண்டிலை ஆக்ரோஷமாகத் தாக்கும். அந்த நேரம் பார்த்துப் போடுவதைக் கெட்டித்தனம் என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. பெற்றோர் போன சில நிமிடங்களில் குஞ்சுகள் மற்ற மீன்களின் வயிற்றில். புறாமலையில் சார்ஜன்ட் மீனை விரட்டினாலும் இதேதான், பின்வாங்கி வழிவிடுங்கள்.

கடைசியாக, "சின்ன மீனை விட்டுவிட்டால் போதும், பெரியதைப் பிடிக்கலாம்" என்ற நம்பிக்கை. பல கலவாய் இனங்கள் பெண்ணாக முதிர்ந்து, பெரிதான பிறகு ஆணாக மாறுகின்றன. பெரியதை மட்டும் பிடித்தால் ஆண்கள்தான் முதலில் தீர்ந்துபோகும். மெக்சிகோ வளைகுடாவில் காக் கலவாய்க்கு அதுதான் நடந்தது. 1970களில் 17 சதவீத அளவில் இருந்த ஆண்கள் 1990களில் 2 சதவீத அளவுக்குச் சுருங்கின. பால் மாறாத இனங்களிலும் பெரிய பெண் மீனின் பங்கு பெரிது. இரண்டு கிலோ மீன் ஒன்று, ஒரு கிலோ மீன் இரண்டு சேர்ந்து இடுவதை விட அதிக முட்டை இடும். ஆகவே பிடிக்கக்கூடிய ஆகக் குறைந்த அளவை விதிப்பதோடு நிறுத்திவிடாமல், கலவாய் போன்ற மீன்களுக்கு ஆகக் கூடிய அளவும், அவை கூடி முட்டையிடும் காலத்துக்கு ஓய்வும் வேண்டும்.